பிழைக்கு ஒட்ட வேண்டிய சீட்டு யார் நெற்றியில்?

தியாகதுருகம் ஒன்றியத்தில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் ஒரு காட்சியை லேசில் மறக்க மாட்டார்கள். ஏரி வரத்துக்கால்வாயில் மண்வெட்டியும் பாண்டுமாக அவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். பணித்தளப் பொறுப்பாளர் கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கும் பள்ளத்துக்குமாக நடந்துகொண்டிருப்பார். அலைவரிசை கிடைத்தால் படம் ஏறும். படம் ஏறினால் வருகை பதியும். வருகை பதிந்தால் கூலி. படம் ஏறாவிட்டால்? விடியற்காலையில் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு ஓடிவந்தவள், பகலெல்லாம் மண் சுமந்தவள், சர்க்கார் கணக்கில் "வராதவள்" ஆகிவிடுவாள்!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நமது கிராமங்களில் சொல்வார்கள். இங்கே தவறியது மென்பொருள். அலைவரிசை எட்டாத ஊர்கள் இந்த நாட்டில் இருக்கின்றன என்று தெரிந்தும் அந்த மென்பொருளை எல்லோர் தலையிலும் கட்டியது டில்லி சர்க்கார். ஆனால் "குறை" என்ற சீட்டு மென்பொருளின் மேல் ஒட்டப்படவில்லை. மண் சுமந்தவளின் நெற்றியில் ஒட்டப்பட்டது.

இந்தச் சீட்டு விவகாரத்தைத்தான் இங்கே பேசப்போகிறோம். சென்னையிலும் பெங்களூரிலும் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் பேசிக்கொள்ளும் சமாச்சாரம் இது, நமக்கென்ன என்று எந்த விவசாயத் தொழிலாளியும் நினைக்க வேண்டாம். யாருடைய குறை முதலில் தீரும், யாருடைய குறை தீராமலே கிடக்கும் என்பது அங்கே ஒட்டப்படும் ஒரு சின்னஞ்சிறு சீட்டில்தான் நிச்சயமாகிறது.

சீட்டு என்றால் என்ன?

குறையில்லாத மென்பொருள் உலகத்தில் கிடையாது. அதை எழுதுகிறவர்களே இதை மறைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு குறைப் பதிவேடு வைத்துக்கொள்கிறார்கள். பயன்படுத்துகிறவர் "இன்ன இடத்தில் இப்படி நின்றுபோகிறது" என்று எழுதுவார். அதற்கு ஒரு எண் விழும். பிறகு அதன் மேல் லேபிள், அதாவது சீட்டு, ஒட்டப்படும். ஆயிரக்கணக்கில் வந்து குவியும் குறைகளில் எது எந்த வகை, எதை முதலில் கையில் எடுப்பது என்று தெரிந்துகொள்ள இதுதான் வழி.

உலகத்து மென்பொருள் வேலையில் பெரும்பகுதி இன்று கிட்ஹப் என்ற தளத்தில் நடக்கிறது. அதை 2018-ல் அமெரிக்க மைக்ரோசாஃப்ட் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. அங்கே புதிதாக ஒரு பதிவேட்டைத் திறந்தால் ஒன்பது சீட்டுகள் தயாராக இருக்கும். பிழை, ஆவணம், ஏற்கெனவே வந்தது, மேம்பாடு, புதியவர் தொடங்க ஏற்றது, உதவி தேவை, செல்லாது, கேள்வி, சரிசெய்ய மாட்டோம். இவற்றில் கடைசிச் சீட்டின் நேர்மையை மெச்சத்தான் வேண்டும். "பரிசீலனையில் உள்ளது", "மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று வருஷக்கணக்கில் இழுத்தடிக்காமல், "சரிசெய்ய மாட்டோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லும் சீட்டு! நமது சர்க்கார் ஆபீசுகளில் இப்படி ஒன்று இருந்தால் பாதி மனுக்களுக்காவது உண்மையான பதில் கிடைக்கும்.

சீட்டே கூடாது என்பது நமது வாதமல்ல. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரே நேரத்தில் முப்பது பேரைக் கொண்டுவந்து போட்டால், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்காமல் எந்த டாக்டரும் வேலை செய்ய முடியாது. மூச்சு நிற்கப்போகிறவன் முதலில். கை முறிந்தவன் பிறகு. சிராய்ப்போடு வந்தவன் அதற்கும் பிறகு. பணக்காரன் முதலில், கூலிக்காரன் பிறகு என்று அங்கே எழுதியிருக்கவில்லை. சீட்டு ஒழுங்காக ஒட்டப்பட்டால் அது ஏழைக்கும் பாதுகாப்புத்தான்.

தப்பாக ஒட்டப்பட்டால் என்ன ஆகும் என்பதைக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. முதல் சாவுகள் விழுந்த நிலையில், ஜூன் 19-ந் தேதி மாவட்ட நிர்வாகம் பத்திரிகைகளுக்குச் சொன்னது என்ன? இது கள்ளச்சாராயச் சாவு அல்ல என்று! அந்தச் சீட்டு அன்றைக்கே கிழிந்தது. கலெக்டர் மாற்றப்பட்டார், போலீஸ் சூப்பரின்டென்டென்ட் சஸ்பெண்டு செய்யப்பட்டார். ஆனால் முதல் சீட்டு தவறாக இருக்கும்போது, அதைப் பார்த்துப் புறப்பட வேண்டிய எச்சரிக்கையும் வைத்தியமும் தவறான பாதையில்தான் புறப்படும்.

கேடு வேறு, முறை வேறு

மென்பொருள்காரர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஒன்று, குறையால் விளையும் கேடு எவ்வளவு என்பது. மற்றது, அதைச் சரிசெய்யும் முறை எப்போது வரும் என்பது. இரண்டும் ஒன்றல்ல.

நமது கரும்பு விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பைப் பதிந்துவிட்டு, வெட்டு உத்தரவுக்காகக் காத்திருக்கிறவர்கள் அவர்கள். முற்றிய கரும்பு வெயிலில் நின்று எடை குறைந்துபோவது கேடு. எந்த வயலுக்கு முதலில் வெட்டு உத்தரவு என்பது முறை. கேடு எவ்வளவு என்று வயலில் நிற்கிறவனுக்குத் தெரியும். முறை எப்படி நிச்சயமாகிறது என்பது பகிரங்கமாக இல்லாவிட்டால், முந்திப் பதிந்தவன் கரும்பு காய, பிந்திப் பதிந்தவன் கரும்பு லாரி ஏறும். அப்போது விவசாயி கேட்பது என்ன? "பதிவு நோட்டைக் காட்டு!" என்பதுதானே?

அந்த நோட்டை எல்லோருக்கும் காட்டுகிற மென்பொருள் ஸ்தாபனங்களும் உலகத்தில் உண்டு. 1993-ல் தொடங்கப்பட்ட டெபியன் அப்படிப்பட்டது. உலகெங்குமுள்ள தொண்டர்கள் சேர்ந்து உண்டாக்கும் இயங்குதளம் அது; யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். 1997-ல் அது பொதுமக்களோடு ஒரு சமூக ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. குறைகளை மறைக்க மாட்டோம், குறைப் பதிவேடு முழுவதும் எந்நேரமும் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும் என்பது அதில் ஒரு ஷரத்து. அங்கே கேட்டுக்கு ஏழு படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். பயன்படுத்துகிறவரின் சேமிப்புகளைப் பெரிய அளவில் அழிப்பது, முழுக் கணினியையும் முடக்குவது போன்றவை மேல்படி. "இப்படி இருந்தால் நன்றாக இருக்கும்" என்ற ஆசை கடைசிப் படி. மேல் மூன்று படிகளில் உள்ள குறைகளோடு ஒரு மென்பொருளைப் புதிய வெளியீட்டில் சேர்க்கக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, குறையை எழுதுகிறவரே படியையும் எழுதலாம் என்பது. பராமரிக்கிறவர் அதை மாற்றலாம். வேறு ஒருவர் திரும்பவும் மாற்றலாம். யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்பது பதிவேட்டில் அழியாமல் நிற்கும். அடிபட்டவன் கையும் சீட்டின் மேல் இருக்கிறது. அவன் சீட்டைக் கிழித்தவன் கையெழுத்தும் அங்கேயே இருக்கிறது!

கம்பெனிகளில் நடப்பது வேறு. அங்கே வாடிக்கையாளரோடு போட்ட ஒப்பந்தத்தில், முதல் தரக் குறையை இத்தனை மணி நேரத்தில் தீர்ப்போம், இரண்டாம் தரத்தை இத்தனை நாளில் தீர்ப்போம் என்று கெடு எழுதியிருக்கும். கெடு தவறினால் அபராதம். ஆகவே கெடு நெருங்கும்போது என்ன நடக்கும்? குறையைச் சரிசெய்வதைவிடச் சீட்டை மாற்றுவது சுலபம்! முதல் தரம் இரண்டாம் தரமாகும், இரண்டாம் தரம் "வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்ற பெட்டிக்குப் போகும், கடிகாரம் நிற்கும். சில இடங்களில், பல நாள் யாரும் பேசாத குறையை யந்திரமே "பழையது" என்று சீட்டு ஒட்டி மூடிவிடும். இதற்காக இரவும் பகலும் கண் விழித்து நிரல் எழுதும் இளைஞனை நாம் குறை சொல்லவில்லை. எந்தக் குறை முதலில் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவனுக்கும் கிடையாது. மாதக் கடைசியில் எத்தனை சீட்டு மூடினாய் என்று கேட்டு, அவன் சீட்டையே கிழித்துவிடுவார்கள். அவனும் தொழிலாளிதான்.

டில்லி ஜாப்தா

இனி நூறு நாள் வேலைக்கு வருவோம். 2021 மே மாதம் மத்திய ஊரக வளர்ச்சி இலாகா என்.எம்.எம்.எஸ். என்ற கைபேசிச் செயலியை வெளியிட்டது. 2022 மே முதல், 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் அது கட்டாயம். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளின் வேலைகள் நீங்கலாக எல்லா இடத்திலும் கட்டாயம். ஒரு நாளைக்கு இரண்டு படம். நேரமும் இடமும் பதிந்த படம். ஊழலை ஒழிக்கவே இந்த ஏற்பாடு என்று மந்திரிகள் முழங்கினார்கள்.

அலைவரிசை இல்லாத இடத்தில் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஏற்றலாம், விதிவிலக்கான சந்தர்ப்பத்தில் கலெக்டர் கையெழுத்து வருகையை அனுமதிக்கலாம் என்றெல்லாம் விதி இருந்தது, வாஸ்தவம்தான். ஆனால் நிரூபிக்கும் பாரம் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். செயலி நின்றுபோனால், "என் செயலி நின்றுபோயிற்று" என்று டில்லி நிரூபிக்க வேண்டியதில்லை. "நான் வேலைக்கு வந்தேன்" என்று கூலிக்காரி நிரூபிக்க வேண்டும்! கல்வராயன் மலையிலிருந்து கலெக்டர் ஆபீசுக்கு இறங்கி வந்து போகும் பஸ் சார்ஜும், அன்றைக்கு இழக்கும் வேலையும் அவள் கணக்கில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்பார்கள். இங்கே பூசாரி ஒரு கைபேசி, அதனிடம் வாதாடவும் முடியாது.

ஊழலாவது ஒழிந்ததா? 2025 ஜூலையில் அதே இலாகா மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, நேரில் படம் எடுக்காமல் பழைய படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று அதிலே ஒப்புக்கொண்டது. இதற்கு என்ன பரிகாரம்? ஏறும் படங்கள் அத்தனையையும் ஊராட்சி மட்டத்தில் மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டுமாம்! மனிதனைக் கண்காணிக்க யந்திரம். யந்திரத்தைக் கண்காணிக்க மறுபடியும் மனிதன். இந்த லட்சணத்தில் இடையிலே கூலியை இழந்தது யார்?

தொழிலாளர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 2023 பிப்ரவரியில் டில்லி ஜந்தர் மந்தரில், செயலி வருகையையும் ஆதார் வழிக் கூலிப் பட்டுவாடாவையும் எதிர்த்து நூறு நாள் தர்ணாவைத் தொடங்கினார்கள். மென்பொருள் மொழியில் சொன்னால், அதைவிடப் பெரிய குறைமனு வேறென்ன இருக்க முடியும்? அடிபட்டவர்களே மாநிலம் மாநிலமாக ரயிலேறி வந்து, தெருவில் உட்கார்ந்து எழுதிய மனு! அதற்கு டில்லி ஒட்டிய சீட்டு என்ன? ஆதார் வழிப் பட்டுவாடா 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம் என்ற உத்தரவு. "சரிசெய்ய மாட்டோம்" என்ற அந்த ஒன்பதாவது சீட்டுத்தான். ஆனால் அதை எழுதிக் கொடுக்கும் யோக்கியதைகூட இல்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 2023 ஜூலையில் லோக்சபையில் சர்க்கார் கொடுத்த கணக்குப்படி, 2022-23-ம் ஆண்டில் வேலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளர்கள் 5 கோடியே 18 லட்சத்துக்கு மேல். அதற்கு முந்திய ஆண்டில் இந்தத் தொகை 1 கோடியே 49 லட்சம். ஒரே வருஷத்தில் மூன்று மடங்குக்கு மேல்! என்ன காரணம்? சர்க்கார் ஒரு ஜாப்தா சொல்லிற்று. போலி அட்டை, இரட்டைப் பதிவு, வேலை செய்ய விருப்பமில்லை, குடும்பம் நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிட்டது, இறந்துவிட்டார்.

இந்த ஐந்தையும் இன்னொரு முறை படியுங்கள். கிட்ஹப் பதிவேட்டில் "ஏற்கெனவே வந்தது", "செல்லாது" என்ற சீட்டுகள் குறைமனுவின் மேல் ஒட்டப்படுபவை. டில்லி ஜாப்தாவில் அதே சீட்டுகள் மனிதர்களின் மேல் ஒட்டப்பட்டன! தகுதியுள்ள தொழிலாளர்கள் பலரும் இந்தச் சீட்டுகளோடு வெளியே தள்ளப்பட்டார்கள் என்று லிப்டெக் இந்தியா என்ற ஆய்வுக் குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். ஆதார் எண்ணும் வேலை அட்டையும் ஒத்துப்போகவில்லை, எழுத்துப்பிழை, பெயரில் முன்னெழுத்து முன்னுக்குப் பின் மாறியிருக்கிறது. இதெல்லாம் கணினிப் பதிவின் கோளாறு. இந்தக் கோளாறுக்கு அகப்பட்டவள், "வேலை செய்ய விருப்பமில்லை" என்ற சீட்டோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டால் அது என்ன நியாயம்? வயிற்றுக்கில்லாமல் வேலை கேட்டு ஊராட்சி ஆபீஸ் வாசலில் நின்றவளுக்கு வேலை செய்ய விருப்பமில்லையாம்!

அந்த ஐந்து காரணங்களில் இல்லாத ஒன்றைத் தேடிப் பாருங்கள். "மென்பொருள் பிழை" என்று ஒரு வரி அதில் இல்லை. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. சீட்டு இல்லாத குறைக்குக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாத குறையைப் பற்றி லோக்சபையில் கேள்வி வந்தால் "அப்படி எதுவும் பதிவாகவில்லை" என்று தாராளமாகப் பதில் சொல்லலாம். பதிவாகாத குறைக்குச் சரிசெய்யும் முறை ஒருநாளும் வராது.

இந்த வித்தை டில்லி புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. சென்னை ராஜதானியின் கலெக்டர் ஆபீசுகளில் டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் ஒரு முறை ஏற்பட்டது. கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிட வேண்டும். எல்.டிஸ். என்றால் ஓராண்டு, கே.டிஸ். என்றால் மூன்றாண்டு, டி.டிஸ். என்றால் பத்தாண்டு, ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். பிற்பாடு தமிழில் ஓ.மு., மூ.மு. என்றெல்லாம் எழுதினார்கள். யாருடைய மனு ஓராண்டுக் கட்டில் போய் விழும், யாருடைய கோப்பு நிரந்தர அலமாரிக்குப் போகும் என்று நமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் காலத்துச் சீட்டுக்கு ஒரு முகம் இருந்தது. எழுதிய குமாஸ்தாவை நேரில் பார்த்து, "ஏனய்யா இப்படி எழுதினாய்?" என்று சட்டையைப் பிடிக்காவிட்டாலும் கேள்வியாவது கேட்கலாம். இன்றைய சீட்டை ஒட்டுகிறவன் எங்கே இருக்கிறான்?

இது இந்தியாவில் மட்டும் நடக்கும் அக்கிரமமும் அல்ல. பிரிட்டனில் தபால் இலாகா 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளை நுழைத்தது. ஃபுஜித்ஸு கம்பெனியின் சரக்கு. கிளைத் தபாலாபீஸ்களில் பணம் குறைவதாக அந்த மென்பொருள் காட்டியது. மென்பொருளில் கோளாறு என்று கிளைப் பொறுப்பாளர்கள் கதறினார்கள். அவர்கள் மேல் ஒட்டப்பட்ட சீட்டு, திருடர்கள் என்பது! 900-க்கு மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். ஃபுஜித்ஸுவிடம் "தெரிந்த பிழைகள்" என்றே ஒரு பதிவேடு இருந்தது. அது குற்றம் சாட்டப்பட்டவர்களின் கண்ணில் காட்டப்படவில்லை. மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2024-ல் பார்லிமெண்டே சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது. அதற்குள் இருபது வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன. அந்தப் பதிவேடு டெபியனின் பதிவேட்டைப் போல முதல் நாளிலிருந்தே திறந்து கிடந்திருந்தால், ஒருவரையாவது கூண்டில் ஏற்றியிருக்க முடியுமா?

நிபுணர்களின் வாதம்

"இது தொழில்நுட்ப விஷயம், இதில் அரசியலை நுழைக்காதீர்கள்" என்பார்கள் நிபுணத் திருவாளர்கள். ஒரு காலத்தில் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியலையும் இப்படித்தான் சொன்னார்கள். அது ஆபீஸ் ரகசியம், கூலிக்காரனுக்குப் புரியாது என்றார்கள். 1994 டிசம்பரில் ராஜஸ்தானத்துக் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் பந்தல் போட்டு, அந்தப் பட்டியலை ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படித்தது. செத்தவன் பேரில் கூலி, கட்டாத சுவருக்குச் செலவு, எல்லாம் வெளியே வந்தது. எழுத்து தெரியாத கிழவிகள்தான் பொய்க் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பது அவர்களுக்குத்தானே தெரியும்? அந்தக் கிளர்ச்சியில் முளைத்ததுதான் 2005-ன் தகவல் உரிமைச் சட்டம். அதே வருஷத்து வேலை உறுதிச் சட்டத்தின் 17-வது பிரிவு, கிராம சபையே சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்றது. மஸ்டர் ரோலை ஊர் படிக்கலாம் என்றால், அந்த மஸ்டர் ரோலை விழுங்கிவிட்ட செயலியின் குறைப் பதிவேட்டை ஏன் படிக்கக்கூடாது?

இன்னொரு வாதம் கொஞ்சம் வலுவானது. "ஆளாளுக்குச் சீட்டு ஒட்ட விட்டால் எல்லோரும் 'மிக அவசரம்' என்றுதான் ஒட்டுவார்கள். எல்லாமே அவசரம் என்றால் எதுவுமே அவசரமில்லை" என்கிறார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. மென்பொருள் பதிவேடுகளில் நிஜமாகவே நடக்கும் தொல்லை இது. ஆனால் இதற்கு மருந்து அடிபட்டவன் கையைக் கட்டிப்போடுவதா? கேட்டின் இலக்கணத்தை எழுதி வையுங்கள்! ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலியாவது போனால் அது மேல்படி. வேலைப் பட்டியலிலிருந்து பெயரே போனால் அதற்கும் மேல்படி. திரையில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்பது கீழ்ப்படி. இத்தனை பேர், இத்தனை நாள், இத்தனை ரூபாய் என்று உண்மை விவரத்தோடு எழுதச் சொன்னால் எல்லாம் ஒரே படியில் வந்து நிற்காது. கேட்டைப் பட்டவன் சொல்லட்டும். முறையைப் பகிரங்கமாகத் தீர்மானிக்கட்டும். முறையை மாற்றுகிற அதிகாரி காரணம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஏரித் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு இது என்ன புரியாத வித்தையா?

"பதிவேட்டைத் திறந்தால் விஷமிகள் புகுந்துவிடுவார்கள்" என்று மூன்றாவதாக ஒரு பூச்சாண்டி காட்டுவார்கள். டில்லி சர்க்காரே 2015-ல் தனது மென்பொருள்களின் மூலநிரலைத் திறந்து வைப்பதற்கு ஒரு கொள்கை வெளியிட்டது. 2020 மே மாதம், தொற்றுக் காலத்து ஆரோக்கிய சேது செயலியின் நிரலைத் திறந்து, பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசும் அறிவித்தது. பட்டணத்துப் படித்தவர்கள் பயந்து கேள்வி கேட்டபோது திறந்த கதவு, கூலிக்காரி கேட்டபோது மட்டும் ஏன் திறக்கவில்லை?

நோட்டைத் திறங்கள்!

நூறு நாள் வேலைச் சட்டத்தை 2025 டிசம்பரில் டில்லி மாற்றிவிட்டது. அதற்குப் பதிலாக வி.பி.-ஜி ராம் ஜி என்ற பெயரில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்ட சட்டம், வருஷத்துக்கு 125 நாள் என்று சொல்கிறது. செலவில் 40 சதத்தைப் பெரும்பாலான மாநிலங்களின் தலையில் சுமத்துகிறது. அந்த அநியாயத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே நமக்கு வேண்டியது, அந்தச் சட்டம் கைரேகை, முகப்பதிவு போன்ற அடையாளச் சோதனை, கைபேசிக் கண்காணிப்பு, செயற்கை நுண்ணறிவு என்று யந்திரத்தை முன்னைவிட அதிகமாக நம்பி நிற்கிறது என்பதுதான். யந்திரம் கூடினால் பிழையும் கூடும். பிழை கூடும்போது "வராதவர்", "விருப்பமில்லாதவர்" என்ற சீட்டுகளும் கூடாமல் இருக்குமா?

வாரந்தோறும் விவரங்களைப் பொதுமக்களுக்கு வெளியிடுவதைப் பற்றியும் அதே சட்டம் பேசுகிறது. நல்லது! அந்த வார விவரத்தில் செயலியின் குறைப் பதிவேடும் இருக்கட்டும். எந்த ஊராட்சியில், எந்தத் தேதியில், எத்தனை பேர் வருகை ஏறவில்லை, அந்தக் குறைக்கு என்ன சீட்டு, யார் ஒட்டினார், எப்போது தீரும் என்பதெல்லாம் ஊராட்சி ஆபீஸ் சுவரில் தமிழில் ஒட்டப்படட்டும். குறை தீராமல் நிற்கும்வரை அந்த நாளின் கூலியை நிறுத்தும் அதிகாரம் எவருக்கும் இருக்கக் கூடாது. பெயர் நீக்கும் காரணங்களின் ஜாப்தாவில் "மென்பொருள் பிழை" என்ற வரியைச் சேர்க்க வேண்டும். அந்த வரியின் கீழ் வருகிற எவரையும் நீக்க முடியாது என்றும் எழுத வேண்டும்.

இதைச் சொல்லிக் கொடுக்க அமெரிக்காவிலிருந்து நிபுணர் வர வேண்டாம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை தியாகதுருகமும் விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். அந்த விழுப்புரத்தில் 2013 முதல் குனு/லினக்ஸ் பயனர் குழு என்று இளைஞர்கள் கூடி, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுக் கொடுத்து வருகிறார்கள். குறைப் பதிவேடு வைப்பதும், சீட்டு ஒட்டுவதும், அதைத் திறந்து வைப்பதும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசினால், எழுத வேண்டியதை எப்படி எழுதுவது என்று தெரிந்துவிடும்.

அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். செயலி நின்றுபோன தேதி, வேலை நடந்த இடம், அன்று வந்தவர்களின் எண்ணிக்கை, போன கூலி, கைபேசியில் என்ன செய்தி வந்தது என்பதை அன்றன்றே எழுதி, வேலைக்கு வந்தவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும்போது, "வருகை விடுபட்டது" என்று எழுதாதீர்கள். "செயலிப் பிழையால் கூலி பறிபோனது" என்று மேலே எழுதுங்கள். மனுவுக்கு ரசீது வாங்கி, அதன் எண்ணை அதே நோட்டில் அந்த வரிக்கு எதிரே குறித்து வையுங்கள். "தீர்வு காணப்பட்டது" என்று பதில் வந்தால், கூலி கைக்கு வந்ததா என்று கேட்டுவிட்டு, வராவிட்டால் பக்கத்திலேயே "வரவில்லை" என்று சிவப்பு மையில் எழுதுங்கள். அந்த நோட்டோடு மே 1-ந் தேதி கிராம சபைக்குப் போங்கள். முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படியுங்கள்.